பழைய காரின் ஃபாஸ்டேக் புதிய காரில் வேலை செய்யவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் கார் மாற்றுவது பெரும்பாலும் விடுமுறைக் கணக்கில் நடக்கிறது. வெளிநாட்டிலிருந்து மகன் வருகிறான். பழைய காரை விற்றுப் புதியது எடுக்கிறார்கள். லீவு முடிந்ததும் அவன் கிளம்பிவிடுகிறான். ஆர்சி (வண்டிப் பதிவுச் சான்று), இன்சூரன்ஸ், கடன் தவணை என்று எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து முடிக்கும் குடும்பம், சுங்கக் கட்டணத்தைத் தானாகக் கழிப்பதற்காக முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக் ஸ்டிக்கரை மட்டும் கடைசியில்தான் நினைக்கிறது. அந்த நினைப்பு வரும் இடம் மதுரைச் சாலையில் போகலூர் சுங்கச்சாவடியாகவோ திருப்பாச்சேத்தியாகவோ இருக்கும். பின்னால் நிற்கும் வண்டிகள் ஹாரன் அடிக்கும், மதுரை விமானத்துக்கு நேரம் நெருங்கும்.

கார் மாற்றும்போது ஃபாஸ்டேக்கில் வரும் கோளாறுகளை அறிகுறிவாரியாக இங்கே எழுதியிருக்கிறேன். உங்களுக்கு எது நடக்கிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். ஆனால் அதற்கு முன் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: அந்த ஸ்டிக்கர் உங்களுக்குக் கொடுக்கப்பட்டதல்ல, வண்டிக்குக் கொடுக்கப்பட்டது. அதனுள் இருக்கும் எண் ஒரு வண்டியின் பதிவெண்ணோடும், ஒரு வண்டி வகையோடும், ஒரு வங்கிக் கணக்கோடும், ஒரு கைபேசி எண்ணோடும் பிணைக்கப்பட்டிருக்கிறது. இந்த நான்கில் எது அறுந்தாலும் ஏதாவது ஒரு சிக்கல் வரும். கீழே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த நான்கில் ஏதோ ஒன்று மாறியதால் வந்தவை.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் சோதனை ஒன்றுதான். இந்தியத் தேசியப் பணப் பரிவர்த்தனைக் கழகத்தின் இணையதளத்தில் ஃபாஸ்டேக் நிலையைப் பார்க்கும் பக்கம் இருக்கிறது. வண்டியின் பதிவெண்ணைக் கொடுத்தால், அந்த எண்ணின் மேல் எந்த வங்கியின் டேக் உள்ளது, அது செயலில் இருக்கிறதா, கறுப்புப் பட்டியலில் (சாவடியில் செல்லாதபடி முடக்கிய டேக்குகளின் பட்டியல்) இருக்கிறதா என்பது தெரியும். பழைய கார், புதிய கார் இரண்டின் எண்ணையும் போட்டுப் பாருங்கள். இணையம் பழக்கமில்லாதவர்கள் 1033 என்ற தேசிய நெடுஞ்சாலை உதவி எண்ணை அழைத்துக் கேட்கலாம். எந்த வங்கி என்று தெரிந்த பிறகுதான் மற்ற வேலைகள். தெரியாமல் யாரைக் கூப்பிட்டாலும் அலைச்சல்தான்.

“பழைய ஸ்டிக்கரை உரித்துப் புதிய காரில் ஒட்டினேன். கேட் திறக்கவில்லை.”

உரித்த ஸ்டிக்கரை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நடுவில் கடுகளவுக்கு ஒரு சில்லு தெரியும். அதிலிருந்து இருபுறமும் மெல்லிய வெள்ளிக் கோடுகள் ஓடும், அவைதான் ஆன்டெனா. இந்த டேக்குக்கு பேட்டரி கிடையாது. சாவடியின் மேல் பொருத்தியிருக்கும் கருவி அனுப்பும் ரேடியோ அலையை அந்தக் கோடுகள் வாங்கி, அதே சக்தியில் சில்லு தன் எண்ணைத் திருப்பிச் சொல்கிறது. ஒருவர் டேக்கை மற்றவர் எடுத்து ஒட்டக்கூடாது என்பதற்காகவே, உரித்தால் கிழியும்படி அதைத் தயாரிக்கிறார்கள். பிளேடு வைத்து எவ்வளவு பதமாக எடுத்தாலும் வெள்ளிக் கோட்டில் ஒரு துண்டு பழைய கண்ணாடியிலேயே தங்கிவிடும். அதன் பிறகு அது வெறும் காகிதம்.

தப்பித்தவறிக் கிழியாமல் வந்து, புதிய காரில் ஒட்டி, கேட்டும் திறந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். சாவடிக் கணினித் திரையில் பழைய காரின் எண் வரும். கேமராவில் புதிய காரின் எண் விழும். இரண்டும் பொருந்தாத டேக் தவறான பயன்பாடாகக் கணக்காகிக் கறுப்புப் பட்டியலுக்குப் போகலாம். கண்ணாடியில் ஒட்டாமல் கையில் வைத்துக் காட்டும் டேக்குகளைச் சாவடி நிறுவனங்கள் உடனே தெரிவிக்க வேண்டும், அவை கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்படும் என்று தேசிய நெடுஞ்சாலை ஆணையம் 2025 ஜூலையில் அறிவித்தது. ஆகவே டேஷ்போர்டில் போட்டு வைப்பது, தேவைப்படும்போது எடுத்துக் காட்டுவது என்ற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

சரிசெய்யும் முறை இது. பழைய காரின் டேக்கை, அதை வழங்கிய வங்கியின் செயலியிலோ வாடிக்கையாளர் எண்ணிலோ மூடச் சொல்லுங்கள். புதிய காரின் ஆர்சியைக் கொண்டு புதிய டேக் வாங்குங்கள். அதே வங்கியிலேயே வாங்கினால் பெரும்பாலும் ஒரே கணக்கின் கீழ் புதிய வண்டியைச் சேர்த்துக்கொள்ளலாம். மீதிப் பணத்தைத் திரும்பப் பெறுவதற்காகக் காத்திருக்க வேண்டாம். பழைய ஸ்டிக்கரை உரித்து, சில்லு இருக்கும் நடுப்பகுதியைக் கத்தரியால் வெட்டிவிடுங்கள். வெட்டுவதற்கு முன் ஒரு புகைப்படம், வெட்டிய பின் ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்வது நல்லது. மூடும்போது சில வங்கிகள் அந்தப் படத்தைக் கேட்கும்.

இதைச் சாவடியிலேயே நின்றுகொண்டு படிப்பவர்களுக்கு: செல்லாத டேக்கோடு வரும் வண்டி ரொக்கமாகக் கொடுத்தால் இரண்டு மடங்கு, யுபிஐ வழியாகக் கொடுத்தால் ஒன்றேகால் மடங்கு என்ற விதி 2025 நவம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. 100 ரூபாய்க் கட்டணம் ரொக்கத்தில் 200, யுபிஐயில் 125. வாக்குவாதத்தில் நேரத்தை விடாமல் யுபிஐயில் கட்டி, ரசீதை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

“ஓடிபி வரவில்லை.”

நம் பக்கத்தில் அதிகம் அல்லல்படுத்துவது இதுதான். கீழக்கரையிலோ பெரியபட்டினத்திலோ தொண்டியிலோ கார் தகப்பனார் பெயரில் இருக்கும். டேக் வாங்கிய அன்று பக்கத்தில் இருந்த மகன் தன் கைபேசி எண்ணைக் கொடுத்திருப்பான். மகன் துபாய்க்கோ சவூதிக்கோ போனதும் இந்திய சிம்மைக் கழற்றி மேசை அறையில் போட்டுவிடுவான். பல மாதம் ரீசார்ஜ் செய்யாத எண் துண்டிக்கப்பட்டு, பிறகு வேறொருவருக்குப் போய்ச் சேரவும் வாய்ப்பு உண்டு. கார் மாற்றும் நாள் வரும்போது, மூடுவதற்கும் ஓடிபி வேண்டும், திறப்பதற்கும் ஓடிபி வேண்டும். அது வந்து விழும் எண்ணோ யார் கையிலும் இல்லை. கூடத்தில் போனைக் கையில் வைத்துக்கொண்டு, “தம்பி, வந்துச்சா பாரு” என்று வெளிநாட்டுக்குப் பேசியபடி உட்கார்ந்திருக்கும் தாய்மாரைப் பார்த்தால் மனம் கஷ்டப்படும். மூன்று நிமிடத்தில் காலாவதியாகிற ஓர் எண்ணுக்காக ஒரு வீடே விழித்திருக்கிறது.

முதலில் அந்த எண் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், சிம் எங்கே இருக்கிறதோ அங்கே அதைப் போனில் போட்டு, வெளிநாடாக இருந்தால் ரோமிங்கை இயக்கி, குறுஞ்செய்தி வருகிறதா என்று சோதியுங்கள். வந்தால் உடனே செய்ய வேண்டிய முதல் வேலை டேக்கை மூடுவது அல்ல, கைபேசி எண்ணை மாற்றுவது. ஊரில் இருப்பவரின் எண் பதிவாகிவிட்டால் மற்றதை நிதானமாகச் செய்யலாம்.

எண் போய்விட்டது என்றால், டேக் யார் பெயரில் உள்ளதோ அவர் அடையாளச் சான்று, ஆர்சி நகல் இரண்டையும் வைத்து வங்கியில் எண் மாற்றக் கோர வேண்டும். இதைத் தொலைபேசியில் முடிப்பதைவிட, அந்த வங்கியின் கிளை ராமநாதபுரத்தில் இருந்தால் நேரில் போய் எழுத்தில் கொடுப்பது நல்லது. கோரிக்கை எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் வெளியே வந்தால் அடுத்த முறை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

புதிய டேக் வாங்கும்போது இந்தச் சிக்கலை வேரிலேயே தவிர்க்க முடியும். ஆர்சி யார் பெயரிலோ டேக் அவர் பெயரில், கைபேசி எண்ணும் அவருடையது. அப்பாவுக்குக் குறுஞ்செய்தி பார்க்கத் தெரியாது என்பதற்காக மகன் எண்ணைக் கொடுக்காதீர்கள். செய்தி வந்தால் பேரப்பிள்ளை படித்துச் சொல்லும்.

ஓடிபி தேடும் பதற்றத்தில் ஏமாற்றுக்காரர்கள் நுழைவது எளிது. இணையத்தில் தேடி வரும் முதல் ‘வாடிக்கையாளர் சேவை’ எண்ணை நம்பிக் கூப்பிடாதீர்கள். வங்கியின் எண் அதன் செயலியிலும் இணையதளத்திலும் இருக்கிறது. எந்த வங்கி ஊழியரும் ஓடிபியை வாய்விட்டுச் சொல்லச் சொல்ல மாட்டார். கார் புரோக்கர் எவ்வளவு நெருக்கமானவராக இருந்தாலும் அவருக்கு வாட்ஸ்அப்பில் ஓடிபி அனுப்பாதீர்கள்.

“காரை விற்றுவிட்டேன். பணம் இன்னும் என் கணக்கிலிருந்து கழிகிறது.”

டேக் உங்கள் வங்கிக் கணக்கோடுதான் இருக்கிறது, கார் வேறொருவரிடம் ஓடுகிறது. வாங்கியவர் ஒவ்வொரு முறை கப்பலூர் சுங்கச்சாவடியைக் கடக்கும்போதும் உங்கள் பணம் போகும். இப்படிக் கழிந்ததை ‘தவறான பிடித்தம்’ என்று புகார் செய்து திரும்பப் பெற முடியாது. வண்டி உண்மையிலேயே சாவடியைக் கடந்திருக்கிறது. வாங்கியவரிடம் கேட்டு வாங்குவது உங்கள் இருவருக்குள் உள்ள விஷயம். இப்போது செய்ய வேண்டியது இன்றே டேக்கை மூடுவது. மூடியதாக வரும் செய்தியை அழிக்காமல் வைத்திருங்கள்.

தானியங்கி ரீசார்ஜ் போட்டிருந்தால் அதைத் தனியாக நிறுத்த வேண்டும். பலர் டேக்கை மூடிவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள். இருப்பு குறைந்ததும் வங்கிக் கணக்கிலிருந்து தானாக எடுத்துப் போடும் அனுமதி உங்கள் யுபிஐ செயலியிலோ கார்டிலோ இருக்கும். அங்கேயும் போய் ரத்து செய்யுங்கள்.

இன்னொரு பக்கம் இதைவிட முக்கியம். பணம் உங்கள் கணக்கில் கழிகிறது என்றால் பெயர் மாற்றமும் நடக்காமல் இருக்க வாய்ப்பு உண்டு. படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால் தன் வேலை முடிந்தது என்று விற்பவர்கள் நினைக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆவது பிரிவு, ஒரே மாநிலத்துக்குள் விற்றால் விற்பவர் 14 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. அதுவரை அந்த வண்டி விபத்தில் சிக்கினாலும் கடத்தலில் பிடிபட்டாலும் தேடி வருவது உங்கள் வாசலுக்குத்தான். கடல் வழிக் கடத்தலுக்காகச் சாலைச் சோதனைகள் நடக்கும் கடற்கரையில் வாழ்கிறோம். இதை அலட்சியமாக விடக்கூடாது. கார் கைமாறும் நாளில், சாவி கொடுப்பதற்கு முன் டேக்கை உரித்து எடுத்துவிடுங்கள். விலை பேசும்போது, “டேக்கில் பணம் இருக்கிறது, அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்” என்று தாராளம் காட்ட வேண்டாம்.

கார் மாற்றும்போது உண்மையில் உங்களோடு கூட வரக்கூடியது வேறொன்று இருக்கிறது. இன்சூரன்சில் கோரிக்கை வைக்காத ஆண்டுகளுக்குக் கிடைக்கும் தள்ளுபடி, ‘நோ கிளெய்ம் போனஸ்’, வண்டியோடு போகாது, உரிமையாளரோடு வரும். அதிகபட்சம் 50 சதவீதம் வரை சேரும் அந்தத் தள்ளுபடிக்குப் பழைய காரை விற்ற பின் இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் சான்று வாங்கினால் 3 ஆண்டுகளுக்குள் புதிய காருக்குப் பயன்படுத்தலாம். டேக்கை மாற்ற முடியாதா என்று அலைபவர்கள் இதைக் கேட்டு வாங்காமல் விட்டுவிடுவதைப் பார்த்தால் ஆதங்கமாக இருக்கிறது.

“பழைய கார் வாங்கினேன். புதிய டேக் கேட்டால், ஏற்கெனவே டேக் உள்ளது என்கிறார்கள்.”

ஒரு வண்டிக்கு ஒரு டேக்தான் என்ற விதி 2024 முதல் கண்டிப்பாக அமலில் இருக்கிறது. விற்றவர் மூடவில்லை என்று பொருள். மேலே சொன்ன நிலைப் பக்கத்தில் எந்த வங்கி என்று பாருங்கள். விற்றவரிடம் சொல்லி மூடச் சொல்லுங்கள். அவர் கிடைக்கவில்லை என்றால், உங்கள் பெயருக்கு மாறிய ஆர்சியுடன் அந்த வங்கியிடமே கோரிக்கை வைக்க வேண்டும். வங்கி இழுத்தடித்தால் 1033இல் பதிவு செய்யுங்கள். பெயர் மாற்றம் ஆகாமல் இந்த வேலை நகராது. அதனால்தான் சொல்கிறேன், பழைய கார் வாங்குபவர்கள் கடைசித் தவணைப் பணத்தைக் கொடுப்பதற்கு முன் டேக் மூடப்பட்ட செய்தியை விற்பவர் போனில் காட்டச் சொல்லுங்கள். ஆர்சி, இன்சூரன்ஸ், தடையில்லாச் சான்று கேட்பதுபோல இதையும் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

“ஷோரூமில் ஒட்டிக் கொடுத்த டேக் சில மாதம் ஓடி நின்றுவிட்டது.”

2017 டிசம்பர் 1 முதல் விற்கப்படும் புதிய நான்கு சக்கர வாகனங்களுக்கு டேக் ஒட்டித்தான் கொடுக்கிறார்கள். அந்த நேரத்தில் பதிவெண் வந்திருக்காது. வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்திருக்கும் சேஸிஸ் எண்ணை வைத்துத்தான் டேக் பதிவாகும். டிஎன் 65 என்று தொடங்கும் நிரந்தர எண் கிடைத்ததும் அதை வங்கியில் பதிய வேண்டும். 90 நாட்களுக்குள் பதியாவிட்டால் டேக் முடக்கப்படும். மேலும் 30 நாட்கள் போனால் கறுப்புப் பட்டியல். ஷோரூமே செய்துவிடும் என்று காத்திருக்காமல், எந்த வங்கியின் டேக் என்று வண்டி எடுக்கும் அன்றே கேட்டு எழுதி வைத்துக்கொண்டு, ஆர்சி வந்த நாளே செயலியில் அதன் படத்தை ஏற்றிவிடுங்கள்.

ஷோரூம் டேக் இருப்பதை மறந்து இன்னொரு டேக் வாங்குவதும் இதே நேரத்தில் நடக்கும். இரண்டாவது கிடைத்துவிட்டால் முதலாவது செயலிழக்கலாம். எது நிற்கிறது, எதில் பணம் போட்டோம் என்ற குழப்பம் மிஞ்சும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை முறையாக மூடுங்கள்.

“பணம் இருக்கிறது, டேக் செயலில் இருக்கிறது. ஆனாலும் கருவி படிக்கவில்லை.”

இது கண்ணாடியின் கோளாறு. பழைய காரில் எங்கே ஒட்டினாலும் படித்தது, புதியதில் படிக்கவில்லை என்று பலர் திகைக்கிறார்கள். சில புதிய கார்களின் முன்கண்ணாடியில் வெயிலின் வெப்பத்தைத் திருப்பி அனுப்ப உலோகப் பூச்சு ஒன்று இருக்கிறது. நம் ஊர் வெயிலுக்கு அது வரம்தான். ஆனால் உலோகம் ரேடியோ அலையையும் தடுக்கும். அப்படிப்பட்ட கண்ணாடிகளில், பின்னால் பார்க்கும் கண்ணாடிக்குப் பக்கத்தில் பூச்சு இல்லாத ஒரு பகுதியைத் தயாரிப்பாளர்கள் விட்டிருப்பார்கள். கறுப்புப் புள்ளிகள் போட்ட இடமாகத் தெரியும். காரோடு வந்த கையேட்டில் டேக் ஒட்ட வேண்டிய இடம் படமாக இருக்கும். அங்கே ஒட்டுங்கள். கார் வாங்கிய பிறகு கண்ணாடியில் ஒட்டிய வெயில் தடுப்புப் படத்தில் உலோகச் சேர்க்கை இருந்தாலும் இதே கதைதான்.

ஒட்டும் முறையும் முக்கியம். கடலோர ஊர்களில் ஏசியை அணைத்த சற்று நேரத்தில் கண்ணாடியில் ஈரம் படியும். உட்புறத்தை உலர்ந்த துணியால் நன்றாகத் துடைத்து, ஈரம் முற்றிலும் போன பிறகு, நடுவில் மேல்பக்கமாக, உள்ளிருந்து ஒட்டுங்கள். மடிக்காதீர்கள், மடிந்த இடத்தில் ஆன்டெனா முறியும். ஒட்டியதைச் சரிபார்க்கிறேன் என்று மறுபடி கிளப்பாதீர்கள். கோணல் இருந்தால் இருக்கட்டும். ஏர்வாடி தர்காவின் ஸ்டிக்கர், கோயில் படம், கட்சிக் கொடி எதுவும் டேக்கின் மேல் வரக்கூடாது.

எல்லாம் சரியாக இருந்தும் சாவடியின் கருவியே பழுதாகிப் படிக்கவில்லை என்றால், பணம் கட்ட வேண்டியதில்லை. செயலில் உள்ள டேக், போதிய இருப்பு இரண்டும் இருந்து, சாவடியின் கோளாறால் கட்டணம் எடுக்க முடியாவிட்டால் அந்த வண்டியைக் கட்டணமின்றி விட வேண்டும், பூஜ்ஜியத் தொகைக்கு ரசீது கொடுக்க வேண்டும் என்று 2018 மே மாதத் திருத்த விதி சொல்கிறது. வங்கிச் செயலியில் டேக் நிலையையும் இருப்பையும் காட்டி, இந்த விதியை அமைதியாகச் சொல்லுங்கள். தை அமாவாசை, ஆடி அமாவாசைக் கூட்டத்தில் ஊழியர்களும் திணறுவார்கள்; அப்போதும் உரிமை உரிமைதான்.

“இருப்பு இருக்கிறது, கறுப்புப் பட்டியலில் இருப்பதாகக் காட்டுகிறது.”

வாடிக்கையாளர் விவரம் புதுப்பிக்கப்படவில்லை, ஆர்சியில் உள்ள பெயரும் டேக்கில் உள்ள பெயரும் பொருந்தவில்லை, டேக் தளர்ந்திருப்பதாகச் சாவடியிலிருந்து புகார் போயிருக்கிறது. காரணம் இம்மூன்றில் ஒன்றாக இருக்கலாம். வங்கிதான் சொல்ல முடியும். வண்டியின் முன்பக்கத்தை, பதிவெண்ணும் டேக்கும் ஒரே படத்தில் தெரியும்படி பகல் வெளிச்சத்தில் எடுத்து ஆர்சியுடன் ஏற்றினால் பெரும்பாலும் தீரும்.

சாவடிக்கு முன்னால் வண்டியை ஓரம் கட்டி ரீசார்ஜ் செய்துவிட்டு உடனே நுழைபவர்களுக்கும் இதே செய்தி வரும். பணம் வங்கியில் சேர்ந்த தகவல் சாவடியின் பட்டியலுக்குப் போய்ச் சேர நேரம் ஆகும். ராமேசுவரத்திலிருந்து கிளம்புகிறவர்கள் பாம்பன் பாலம் ஏறுவதற்கு முன்பே போட்டுவிடுங்கள். போகலூர் வருவதற்குள் பட்டியல் மாறியிருக்கும்.

பேடிஎம் பேமென்ட்ஸ் வங்கியின் டேக் இன்னும் ஒட்டியிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ரிசர்வ் வங்கியின் உத்தரவால் 2024 மார்ச் 15க்குப் பிறகு அதில் பணம் போட முடியாது. புதிய காருக்கு மட்டுமல்ல, பழைய காருக்கும் வேறு வங்கியின் டேக்தான் வழி.

“கட்டணம் அதிகமாகக் கழிகிறது.”

கார், ஜீப், வேன் எல்லாம் 4ஆம் வகை. இலகு ரகச் சரக்கு வாகனம் 5ஆம் வகை. மண்டபத்திலும் தங்கச்சிமடத்திலும் காரைக் கொடுத்துவிட்டு மீன் ஏற்ற வண்டி எடுப்பவர்களுக்கும், அதற்கு நேர்மாறாகச் செய்பவர்களுக்கும் இந்தச் சிக்கல் வரும். புதிய டேக் எந்த வகையில் பதிவாகியிருக்கிறது என்று செயலியில் பாருங்கள். தவறாக இருந்தால் ஆர்சி நகலோடு வங்கியிடம் திருத்தம் கோருங்கள். அதிகம் போன தொகைக்கு, சாவடியின் பெயர், நாள், நேரம் குறிப்பிட்டுப் புகார் கொடுங்கள்.

“ஆண்டு பாஸ் போட்டிருந்தேன். புதிய காருக்கு வருமா?”

வராது. 2025 ஆகஸ்ட் 15 அன்று 3,000 ரூபாய்க்குத் தொடங்கிய ஆண்டு பாஸ், எந்த டேக்கில் இயக்கப்பட்டதோ அந்த வண்டிக்கு மட்டும். ஓராண்டு அல்லது 200 பயணம், எது முதலில் முடிகிறதோ அதுவரை. பணம் திரும்பக் கிடைக்காது, வேறு வண்டிக்கு மாற்றவும் முடியாது. ஆகவே கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு சாவடியை ஒருமுறை கடந்தால் ஒரு பயணம். ராமநாதபுரத்திலிருந்து மதுரை போய்த் திரும்பினால் போகலூர், திருப்பாச்சேத்தி இரண்டிலும் போக வர நான்கு பயணம் கழியும். 50 முறை போய்வந்தால் பாஸ் தீர்ந்துவிடும். அடுத்த சில மாதங்களில் கார் மாற்றும் எண்ணம் இருந்தால் இப்போது பாஸ் எடுக்காதீர்கள். பாதி பாக்கி இருக்கும்போது விற்க நேர்ந்தால் அந்த மதிப்பை விட்டுத்தான் ஆக வேண்டும்.

புதிய காரில் பாஸ் எடுக்க முயன்று ‘தகுதி இல்லை’ என்று வந்தால் மூன்றைப் பாருங்கள். டேக் சேஸிஸ் எண்ணில் மட்டும் பதிவாகியிருக்கிறதா? அப்படியென்றால் முதலில் பதிவெண். கண்ணாடியில் முறையாக ஒட்டியிருக்கிறதா? வண்டி மஞ்சள் பலகையா? ராமேசுவரம், தனுஷ்கோடி சுற்றிக்காட்டும் வாடகைக் கார்களுக்கு இந்தப் பாஸ் கிடையாது. சொந்தப் பயன்பாட்டுக் கார், ஜீப், வேனுக்கு மட்டும்தான். பாஸ் தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளில்தான் செல்லும். மாநில நெடுஞ்சாலைகளில் வழக்கம்போல் இருப்பிலிருந்து கழியும், ஆகவே பாஸ் இருக்கிறதென்று இருப்பைக் காலியாக விடாதீர்கள். எடுக்கும் இடம் ‘ராஜ்மார்க் யாத்ரா’ செயலி அல்லது தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் இணையதளம். வேறு யார் விற்றாலும் வாங்காதீர்கள்.

“கல் பட்டுக் கண்ணாடி உடைந்து, புதிய கண்ணாடி போட்டேன்.”

கார் அதேதான் என்பதால் இது எளிது. கணக்கை மூட வேண்டாம். அதே வங்கியிடம் மாற்று டேக் கேளுங்கள். ஒரு சிறு கட்டணத்துக்கு அனுப்புவார்கள், இருப்பு அப்படியே இருக்கும்.

“டேக்கை மூடிவிட்டேன், வைப்புத்தொகை வரவில்லை.”

கார் வகைக்குப் பல வங்கிகள் 200 ரூபாய் வரை வைப்புத்தொகை பிடித்திருக்கும். நிலுவை ஏதும் இல்லையென்றால் மீதி இருப்போடு அது திரும்ப வர வேண்டும். மூடும் கோரிக்கையில் வங்கிக் கணக்கு எண்ணைச் சரியாகக் கொடுத்தீர்களா என்று பாருங்கள். டேக்கை மூடாமல் வெறுமனே கிழித்துப் போட்டவர்களுக்கு இது வராது. கணக்கு இன்னும் திறந்தே இருக்கும்.

“சாவடிக்குப் பக்கத்து ஊர். மாதப் பாஸ் இருந்தது, இப்போது முழுக் கட்டணம் கழிகிறது.”

சாவடியிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் குடியிருப்பவர்களின் சொந்தப் பயன்பாட்டு வண்டிக்குக் கொடுக்கும் மாதப் பாஸும் வண்டி எண்ணில்தான் இருக்கிறது. கார் மாறியதும் அது நின்றுவிடும். புதிய ஆர்சி, வீட்டு முகவரிச் சான்று, புதிய டேக் மூன்றோடும் அந்தச் சாவடியின் அலுவலகத்துக்கே போக வேண்டும். ஆர்சியில் பழைய முகவரி இருந்தால் திருப்பி அனுப்புவார்கள். சென்னையிலோ மதுரையிலோ பதிவான காரை வாங்கி ஊருக்குக் கொண்டுவந்தவர்கள் முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முகவரியை மாற்றிக்கொண்டு, பிறகு சாவடிக்குப் போங்கள்.